செங்கல் சூளைத் தவளைகள்

கடவுச்சொல்லைத்தான் தப்பாக அடித்துவிட்டோம் என்று சுன்போக் நினைத்தாள். விடியற்காலையிலிருந்து குளியல் விடுதியில் துண்டு துவைத்து மடித்த கை. விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. அந்த விரல் ஒரு எழுத்தைத் தவறவிட்டால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தாள். அதே சாம்பல் நிறக் கட்டம் வந்து நின்றது. பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கட்டத்துக்குள் இருந்ததை ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். 'தானியங்கி நிரல் பயன்படுத்தியது கண்டறியப்பட்டதால்' என்று ஆரம்பித்து, 'வெள்ளிக்கிழமைக்குள் தகுந்த விளக்கம் தராவிட்டால் தங்கள் கணக்கு நிரந்தரமாக மூடப்படும்' என்று முடிந்தது. நடுவில் இருந்ததெல்லாம் வக்கீல் பாஷை. முழுக்கப் படித்த பிறகும், யார் என்ன தப்பு செய்தார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"சாங்பே! இங்க கொஞ்சம் வா தம்பி. உன் மெஷின் என்னமோ உளறுது."

கேம் சென்டர் முதலாளி சாங்பே யாருக்கோ ராம்யான் நூடுல்ஸ் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தான். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்தான். நாற்பதைத் தாண்டியவன். முன்வழுக்கையை மறைக்கத் தொப்பி போட்டிருப்பான். நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் அந்தத் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொள்வான். அவள் தோளுக்கு மேல் குனிந்து படித்தான். தொப்பியைக் கழற்றினான். போட்டுக்கொண்டான். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான்.

"அக்கா, உளர்றது என் மெஷின் இல்ல. உங்களத்தான் மெஷின்னு சொல்லிட்டாங்க."

"என்னையா?"

"ஆமா. நீங்க ஆட்டோ போட்டு ஆடறீங்களாம். ஆளு வீட்டுல தூங்க, கம்ப்யூட்டரு தானா தவளை அடிக்கும்ல, அது மாதிரி."

ஐம்பத்தேழு வயதில் ஒரு பெண்ணைப் பற்றி ஊர் பலதும் சொல்லும். குன்சான் மாதிரி காற்றடிக்கிற துறைமுக ஊரில் சொல்வதற்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் இது புதிது. சுன்போக் சிரிக்கலாமா கோபப்படலாமா என்று தெரியாமல், தண்ணீர் பிடிக்கும் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் தன் வழக்கமான நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவள் ஆடுவது 'வடகாற்றுச் சீமை' என்ற பழைய ஆட்டம். ஊரெல்லாம் புதுப்புது ஆட்டங்களுக்குப் போன பிறகும் காலி பண்ணாத வீடு மாதிரி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு இடிந்த செங்கல் சூளை உண்டு. சூளைக்குப் பின்னால் சேறு. சேற்றிலிருந்து தவளைகள் கிளம்பும், ஆள் இடுப்பு உயரத்துக்கு. ஒன்றை அடித்தால் கொஞ்சம் அனுபவப் புள்ளி கிடைக்கும், எப்போதாவது ஒரு தவளைத்தோல். அடித்து முடிப்பதற்குள் இன்னொன்று கிளம்பும். இவ்வளவுதான் விஷயம். ஒரே மிருகத்தை ஒரே இடத்தில் நின்று நாளெல்லாம் அடிக்கிற இந்த வேலைக்கு அங்கே எல்லாரும் 'சித்தாள் வேலை' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள், கட்டடத்தில் கல் சுமப்பவர்களைச் சொல்வதைப்போல. அந்தப் பேரைச் சொல்லும்போது எல்லாரும் முகத்தைச் சுளிப்பார்கள், சுளித்துக்கொண்டே செய்வார்கள். மேலே ஏற வேண்டுமென்றால் வேறு வழியில்லை. சுன்போக்குக்கு மேலே ஏறவும் ஆசையில்லை. ஏறிவிட்டால் தவளை தரும் புள்ளி குறைந்துபோகுமே என்பதுதான் அவள் கவலை.

கணக்கு ஆரம்பத்தில் மகள் பிட்னாவுடையது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, வயது போதாது என்று அம்மாவின் குடியுரிமை எண்ணைத் திருட்டுத்தனமாகப் போட்டுத் தொடங்கியது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான் செய்தார்கள், நாட்டில் பாதி அம்மாக்கள் தமக்கே தெரியாமல் வாளேந்திய வீரர்களாக இருந்தார்கள். பேர் 'கோபப்பூனை'. பிட்னா தலைநகர் சோலுக்கு வேலைக்குப் போன பிறகு, ஒருநாள் பழைய பில் எதையோ தேடும்போது அந்தப் பேரும் கடவுச்சொல்லும் எழுதிய சீட்டு சுன்போக்குக்குத் தட்டுப்பட்டது. என்னதான் இருக்கிறது என்று பார்ப்போமே என்று சாங்பேயின் கடைக்கு வந்தாள். நாலு வருஷம் ஓடிவிட்டது. மதியம் வேலை முடிந்ததும் வருவாள், இரவுச் சமையலுக்கு வீட்டுக்குப் போய்விடுவாள். தனிமை என்று ஒரு காரணம் சொல்லியிருந்தால் எல்லாரும் தலையாட்டி ஒப்புக்கொண்டிருப்பார்கள். ஆனால் வீட்டில் கணவர் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். அவருக்குத் தூண்டில், அவளுக்குத் தவளை, ராத்திரி சேர்ந்து உட்கார்ந்து மீன்குழம்பு. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"நேத்து யாராவது வந்து ஏதாவது கேட்டாங்களா அக்கா? வெள்ளை அங்கி போட்டவரு? கம்பெனி ஆளு, ஆட்டத்துக்குள்ளயே வந்து சோதிச்சுப் பாப்பாரு."

கேட்டார். அதைச் சொல்வதற்கு முன்னால் அந்தச் சேற்றின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தவளை நன்றாகக் கிளம்புகிற இடம் சூளைக்குப் பின்னால் ஒன்றுதான். முதலில் வந்து நின்றவருக்கு அது சொந்தம். ஆட்டத்தைச் செய்தவர்கள் போட்ட சட்டம் இல்லை இது, ஆடுகிறவர்களின் மரியாதை. புதிதாக வருகிறவர் தூரத்தில் நின்று "இடம்?" என்று கேட்பார். நிற்கிறவர் "இடம் எடுத்தாச்சு" என்பார். வந்தவர் திரும்பிப் போய்விடுவார். பதில் வராவிட்டால் ஆளில்லை என்று அர்த்தம், இடம் கைமாறிவிடும். சுன்போக் இரண்டு விரலால் தேடித்தேடித் தட்டுகிறவள், அவள் அடித்து முடிப்பதற்குள் இடம் பறிபோய்விடும் என்பதால், ஒரே விசையை அழுத்தினால் அந்த இரண்டு வார்த்தையும் வருகிற மாதிரி சாங்பேதான் செய்துகொடுத்திருந்தான்.

நேற்று வெள்ளை அங்கி வந்து நின்றதும் அவள் விரல் பழக்கத்தில் அந்த விசையை அழுத்தியது. இடம் எடுத்தாச்சு. அங்கிக்காரர் போகவில்லை. 'வணக்கம். சந்தோஷமா ஆடிக்கிட்டிருக்கீங்களா?' என்று எழுதினார். மறுபடி விசை. மறுபடி அதே கேள்வி. அப்போதுதான் அவள் அதை நிதானமாகப் படித்தாள். இந்தக் கேள்வியை அவளிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். முடிவெட்டுகிற கடையில், மீன் சந்தையில், கணவரின் தங்கை வீட்டில். கேட்கும்போதே வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும், பதில் அவர்களுக்குத் தேவைப்படாது. இவ்வளவு மரியாதையாக, வணக்கம் போட்டு யாரும் கேட்டதில்லை. மரியாதையாகக் கேட்டவருக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்று சுன்போக் யோசிக்க ஆரம்பித்தாள். நான் சந்தோஷமாக இருக்கிறேனா? விரல்கள் யோசிக்கவில்லை. அவை பாட்டுக்குத் தவளை அடித்துக்கொண்டிருந்தன. 'பதில் சொல்லுங்கள்' என்று வந்தது. அவள் 'அதாவது' என்று தட்டத் தொடங்கினாள். பாதியில் நிமிர்ந்தபோது அங்கிக்காரர் இல்லை. பாவம், வேறு வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சாங்பே தொப்பியைக் கழற்றினான். "அக்கா, அது கேள்வியே இல்ல! தெருவுல பாத்தா 'சாப்டியா'ன்னு கேக்கறோம்ல, அது மாதிரி. 'ம்'முனு ஒரு எழுத்து போட்டிருந்தா போயிருப்பாரு."

"சாப்டியான்னு கேட்டா சாப்டேன் இல்லேன்னு தெரியும். இது தெரியலையே."

"அதுக்குன்னு தவளைய அடிச்சிக்கிட்டே யோசிக்கறதா? ரெண்டு தடவயும் ஒரே பதில், கை நிக்கல. எவன் பாத்தாலும் மெஷின்னுதான் சொல்லுவான்." ராம்யான் பொங்கும் சத்தம் கேட்டு ஓடியவன், அடுப்பை அணைத்துவிட்டு அங்கிருந்தே கத்தினான். "விடுங்க, நான் எழுதித் தரேன். விளக்கம்தான கேட்டிருக்காங்க."

எழுதியும் கொண்டுவந்தான். 'கோபப்பூனை என்ற கணக்கை வைத்திருக்கும் நான், பல ஆண்டுகளாகத் தங்கள் ஆட்டத்தை மிகுந்த மகிழ்ச்சியுடன் ஆடி வருகிறேன்' என்று தொடங்கியது. சுன்போக் அந்த முதல் வரியிலேயே விரலை வைத்தாள்.

"மிகுந்த மகிழ்ச்சின்னு போட்டிருக்கியே."

"போட்டாத்தான் நம்புவாங்க."

"நான் அப்படியா இருக்கேன்? நீ தினம் பாக்கறியே, சொல்லு."

சாங்பே சொல்ல வாயைத் திறந்தான். குழாய்க்குப் பக்கத்து நாற்காலியில் இந்த முகத்தைத் தினம் பார்த்திருக்கிறான். பணம் தோற்றவன் முகம் அவனுக்குத் தெரியும், காதலில் மாட்டியவன் முகம் தெரியும், ஜெயித்துக் கத்துகிறவன் முகம் தெரியும். இந்த முகத்தில் என்ன இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். பஸ்ஸுக்காக நிற்கிறவர்கள் முகம் மாதிரி இருந்தது. பஸ் வரவில்லையே என்ற கவலை மட்டும் அதில் இருக்காது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "எனக்கென்ன தெரியும், நான் கல்லாவப் பாப்பேனா உங்களப் பாப்பேனா" என்று போய்விட்டான்.

அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டாள். பிட்னா ரயிலுக்குள் இருந்தாள், பின்னால் ஸ்டேஷன் பேர் சொல்லும் சத்தம் கேட்டது.

"அம்மா, ஆமான்னு எழுதிப் போட்டுட்டு வேலையப் பாரேன்."

"ஆமாவான்னுதானேடி தெரியல."

"சந்தோஷமா இல்லாமயா தினம் போற?"

"தினம் பல்லுகூடத்தான் விளக்கறேன்."

"பல்லு விளக்கலேன்னா சொத்தையாகும். தவளை அடிக்கலேன்னா என்ன ஆகும்?"

சுன்போக் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகாது. உலகத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அது அவளுக்கு வருத்தமாகக்கூட இருந்தது. "நீ எதுக்குடி அடிச்ச, அந்தக் காலத்துல?"

"லெவல் ஏற. எழுபது ஆனா கப்பல்ல ஏத்துவாங்க. ஏறினேன். தண்ணியாத்தான் இருந்துச்சு. அதோட விட்டுட்டேன்." பிட்னா சிரித்தாள். "நீ என்ன சொன்ன அப்ப, ஞாபகம் இருக்கா? ப்ளக்கப் புடுங்கிக் கையில வச்சிக்கிட்டு, 'ஒரே தவளைய எத்தன தடவடி கொல்லுவ'ன்னு கேட்ட."

"கேட்டேன். நியாயமான கேள்விதானே."

"அதையே நீ உன்னக் கேட்டுக்கோ. நான் எறங்கணும்மா, வைக்கிறேன்."

மறுநாள் குளியல் விடுதியில் அவள் அதைச் செய்துபார்த்தாள். துண்டு மடிப்பது அங்கே இரண்டு பேர் வேலை. எதிரே பில்ரே, பேச்சை நிறுத்தத் தெரியாதவள். உலர்த்தியிலிருந்து வரும் துண்டு சூடாக இருக்கும். நீளவாக்கில் மூன்றாக மடித்து, குறுக்கே ஒரு மடிப்பு, ஓரம் உள்ளே. சுன்போக் ஒரு துண்டை மடித்துவிட்டு, கையை அப்படியே வைத்துக்கொண்டு, தனக்குள் பார்த்தாள். சந்தோஷம் இருக்கிறதா? ஒன்றும் தென்படவில்லை. இன்னொன்றை மடித்துப் பார்த்தாள். இந்த முறை பார்த்துக்கொண்டே மடித்ததில் ஓரம் வெளியே வந்து கோணிக்கொண்டது. நாலைந்து துண்டு அப்படியே கோணலாகப் போனது, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் மடித்ததைப் போல.

"என்னடி இது, பாதி தூக்கத்துல இருக்கியா?" என்றாள் பில்ரே.

"உனக்கு இந்த வேல சந்தோஷமா இருக்கா?"

"சம்பளம் குடுக்கறான். அதுக்கு மேல சந்தோஷம் வேறயா?"

"சம்பளம் இல்லாம ஒருத்தி மடிச்சா?"

"பைத்தியம்" என்றாள் பில்ரே, ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளாமல். அப்புறம் பேச்சு அவளுடைய மருமகன் வாங்கின காருக்குத் தாவியது. அந்தக் கார் கடற்கரை மணலில் புதைந்ததும், அதை இழுக்க வந்த டிராக்டர் புதைந்ததும் என்று கதை நீண்டுகொண்டே போனது. சுன்போக் சிரித்துச் சிரித்துக் கேட்டாள். நிமிர்ந்து பார்த்தபோது அலமாரி நிறைந்திருந்தது. எல்லாம் நேராக, ஓரம் உள்ளே. எப்போது மடித்தோம் என்றே தெரியவில்லை. சந்தோஷம் இருந்தது என்றால் அந்த நேரத்தில்தான் இருந்திருக்க வேண்டும், ஆனால் அப்போது பார்க்க அவள் அங்கே இல்லை. இதை யாரிடம் போய் விளக்கமாக எழுதிக்கொடுப்பது? அவளுக்குத் தலை வலித்தது.

தலைவலியை விட இன்னொரு கவலை அவளை அரித்தது. டோஃபுக்கட்டி. அதுவும் ஒரு ஆளின் பேர்தான், ஆட்டத்துக்குள் வைத்துக்கொண்ட பேர். சூளைக்குப் பின்னால் இடது பக்கம் கோபப்பூனை நின்றால் வலது பக்கம் டோஃபுக்கட்டி நிற்கும். வைத்தியர் அங்கி, கையில் குட்டைக் கோல். கோபப்பூனை அடி வாங்கும்போதெல்லாம் கோலைத் தூக்கும், அவள்மேல் பச்சை வெளிச்சம் விழும், காயம் ஆறும். முதன்முதலில் சாகக் கிடந்தபோது அந்த வெளிச்சம் விழுந்தது. 'இடது பக்கம் நீங்க நில்லுங்க' என்று ஒரு வரி எழுதிக் காட்டியது. நாலு வருஷத்தில் அவர்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். வந்தால் டோஃபுக்கட்டி நிற்கும், போகும்போது அவள் தன் பூனையைக் குனிந்து வணங்கவைப்பாள், அதுவும் குனியும். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. யாராவது வந்து "இடம்?" என்று கேட்டால் பதில் சொல்வது அவள் பொறுப்பு. இப்போது அவள் இல்லை. வைத்தியரால் தவளையை அடிக்க முடியாது, அடித்தாலும் ஒரு தவளைக்கு ஒரு யுகம் ஆகும். இடம் போய்விடும். அதைவிட, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள் என்று நினைக்குமே. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"என் பேர்ல புதுக் கணக்கு ஒண்ணு போட்டுத் தரேன்" என்றான் சாங்பே, வியாழக்கிழமை. "ஆனா பொறந்த குழந்தை மாதிரி அக்கா அது. கையில ஒரு குச்சிதான் இருக்கும். சூளை வரைக்கும் போய்ச் சேராது."

"போய்ப் பாக்கறேன்."

மூங்கில் தோப்பில் ஓநாய் கடித்து முதல் தடவை செத்தாள். செத்தால் கிராமத்துக் கிணற்றடியில் மறுபடி எழ வேண்டும். எழுந்தாள், நடந்தாள், தோப்பின் ஓரமாகப் போனாள், அங்கேயும் ஒரு ஓநாய். அடுத்த தடவை ஓநாய் திரும்பி நிற்கும்வரை காத்திருந்து தாண்டினாள், பாலத்தில் கொள்ளைக்காரன் வெட்டினான். கிணற்றடி. தோப்பு. பாலம். கிணற்றடி. சாங்பே ராம்யான் கொண்டுவந்து வைத்தான், கூட மஞ்சள் முள்ளங்கி. "இன்னும் ஒரு தடவையாக்கா?" என்று கேட்டான். அவள் காதில் விழவில்லை. பாலத்தின் எந்தப் பலகையில் கால் வைத்தால் கொள்ளைக்காரன் திரும்புகிறான் என்பது இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர், வேலையில்லாத கப்பல் பட்டறை ஆள், தன் ஆட்டத்தை விட்டுவிட்டு இதைப் பார்க்க ஆரம்பித்தார். "வலது பக்கம் வேணாம்மா, நாய் நிக்குது" என்றார். அவள் கையால் 'சும்மா இருங்க' என்று காட்டினாள். ராம்யான் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு உப்பிப்போய்க் கிடந்தது.

சூளையின் புகைபோக்கி தெரிந்தபோது அவள் உயிர் ஒரு நூல் அளவுதான் மிச்சம் இருந்தது. சேற்றைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். டோஃபுக்கட்டி இருந்தது. வலது பக்கமே நின்றது. இடது பக்கம் காலி. தவளைகள் மூன்று நாலு அதைச் சூழ்ந்துகொண்டு மோதின, அது குட்டைக் கோலால் ஒன்றை மெதுவாகத் தட்டிக்கொண்டு, இடையிடையே தனக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் நிற்கிறதே.

அவள் கிட்டே போனதும் டோஃபுக்கட்டியின் தலைக்கு மேல் எழுத்து வந்தது. 'இடம் எடுத்தாச்சு.'

இரண்டு விரலால் தேடித்தேடித் தட்டினாள். 'நான்தான். கோபப்பூனை.'

'இடம் எடுத்தாச்சு.'

'என் கணக்கை மூடிட்டாங்க. மெஷின்னு சொல்லி. சொல்லாம நின்னுட்டேன்னு நெனைக்காதீங்க.'

'இடம் எடுத்தாச்சு.'

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சாங்பே தொப்பியைக் கழற்றினான், உடனே போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தான். பட்டறை ஆள் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுன்போக் 'உங்களுக்கு இது சந்தோஷமா இருக்கா?' என்று எழுதினாள். ஏன் அதை எழுதினாள் என்று அவளுக்கே தெரியாது. 'இடம் எடுத்தாச்சு' என்று வந்தது.

"அக்கா" என்றான் சாங்பே. "அதுதான் ஆட்டோ."

"மொத நாள் பேசிச்சே."

"மொத நாள் ஆளா இருந்திருக்கும். அப்புறம் போட்டுவிட்டுட்டுப் போயிருக்கும். நாலு வருஷம் யாரு அக்கா கையால அடிப்பாங்க?" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நான் கும்பிட்டா அதுவும் கும்பிடும்."

"கும்பிட்டா கும்பிடுன்னு வைக்கலாம். அதெல்லாம் சுளுவு."

அவளுக்கு முதலில் வெட்கம்தான் வந்தது, யாருமில்லாத வீட்டு வாசலில் நின்று இத்தனை நேரம் பேசிக்கொண்டிருந்ததைப் போல. அப்புறம் கோபம் வந்தது. மெஷின் ஜோராக இங்கே நின்றுகொண்டிருக்கிறது, மனுஷியைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார்கள். நாலு வருஷமாக மதியத்துக்கு மேல் அவள் இருந்த இடத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாளா? அப்படியானால் அந்தப் பச்சை வெளிச்சம் விழும்போது உள்ளுக்குள் ஒன்று இதமாக இருந்ததே, அது எதற்கு இருந்தது? இருந்ததுதானா? அதையும் இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"ஒரு வழி இருக்கு" என்றான் சாங்பே, குரலைத் தாழ்த்தி. "இதப் புகார் பண்ணுங்க. அது மேல கர்சர வச்சு ஒரு அமுக்கு. ஆட்டோவப் புடிச்சுக் குடுத்தவங்கன்னா உங்க விளக்கத்த உடனே எடுத்துப்பாங்க. கோபப்பூனை நாளைக்கே திரும்பிடும்."

"மனுஷனா இருந்தா?"

"மனுஷனா இருந்தா பதில் சொல்லியிருப்பானேக்கா. இத்தன தடவ கேட்டீங்க."

"நான் சொல்லலையே" என்றாள் சுன்போக்.

ஒரு தவளை டோஃபுக்கட்டியை விட்டுவிட்டு அவள் பக்கம் தாவி மோதியது. நூலளவு உயிர், அடுத்த அடியில் மறுபடி கிணற்றடிதான். அப்போது பச்சை வெளிச்சம் அவள்மேல் விழுந்தது. காயம் ஆறியது. அவள் சட்டென்று சாங்பேயைத் திரும்பிப் பார்த்தாள்.

"பக்கத்துல எவன் வந்தாலும் பண்ணுன்னு வச்சிருப்பான்" என்றான் அவன். ஆனால் முன்னளவு உறுதி அந்தக் குரலில் இல்லை. "வச்சிருக்கலாம்" என்று திருத்திக்கொண்டான்.

"அந்த விளக்கத்த அனுப்பிடலாமா?"

"மகிழ்ச்சின்னு போட்டதையா?"

"அது வேணாம். நான் சொல்றத எழுது. கை நிக்காம அடிச்சதுக்கு மன்னிக்கணும். நீங்க கேட்டதுக்குப் பதில் யோசிச்சிக்கிட்டிருந்தேன். இன்னும் யோசிச்சு முடியல. முடிஞ்சதும் சொல்றேன். கணக்க மூடாதீங்க."

"இதப் படிச்சா சிரிப்பாங்க. இல்லேன்னா மூடிருவாங்க. சந்தோஷமா இருக்குன்னு ஒரு வார்த்த போடுங்கக்கா, என்ன கொறஞ்சுடும்?"

"போட்டா பொய்யா இருந்துட்டா? போடாம விட்டு, நெஜமா இருந்துட்டா? எனக்கே பிடிபடல தம்பி. நீ எழுது."

அவன் தலையை ஆட்டிக்கொண்டே கல்லாப் பக்கம் போனான். அவன் தட்டுகிற சத்தம் கேட்டது, நடுவில் ஒரு பெருமூச்சும் கேட்டது. சுன்போக் திரைப் பக்கம் திரும்பினாள். புகார்ப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கர்சர் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. கையை எடுக்காமல், அழுத்தாமல், அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். டோஃபுக்கட்டி தட்டிக்கொண்டிருந்தது. உயரம், அங்கி, கோல், எல்லாம் நாலு வருஷமாகப் பார்த்ததுதான், ஒன்றும் மாறவில்லை. மாறாமல் இருப்பது மனுஷ லட்சணமா மெஷின் லட்சணமா என்று அவள் எவ்வளவு பார்த்தும் தெரியவில்லை.

புகைபோக்கிக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் வந்தான். உடம்பெல்லாம் தங்கக் கவசம், முதுகில் தன்னைவிடப் பெரிய வாள். சேற்றின் ஓரத்தில் நின்றான்.

'இடம்?'

சுன்போக் டோஃபுக்கட்டியின் தலைக்கு மேலே பார்த்தாள். இப்போது வரும். கண் மூடித் திறப்பதற்குள் வரும், அவளுக்கு வந்ததே. வரவில்லை. கோல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. கவசக்காரன் இன்னொரு தடவை கேட்டான். 'இடம்?' டோஃபுக்கட்டி ஒன்றும் சொல்லவில்லை. சேறு குமிழ் விட்டது. அவள் கல்லாப் பக்கம் பார்த்து, "சாங்பே, இங்க பாரேன், பதில் சொல்ல மாட்டேங்குது" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"நெட் தொங்கியிருக்கும்க்கா" என்றான் அவன் அங்கிருந்தே.

கவசக்காரன் ஒரு அடி உள்ளே வைத்தான். சுன்போக்கின் விரல் பழைய விசைக்குப் போனது. அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. புதுக் கணக்கில் அந்த விசையில் எதுவும் இல்லை. இன்னொரு அடி. அவள் இரண்டு விரலையும் தூக்கி, மூக்குக்கண்ணாடிக்குள்ளிருந்து குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடினாள். ஒரு எழுத்தைத் தப்பாக அடித்து அழித்தாள். டோஃபுக்கட்டி காத்திருந்ததா, தட்டிக்கொண்டிருந்ததா, பார்க்க நேரமில்லை.

'இடம் எடுத்தாச்சு.'

கவசக்காரன் நின்றான். கையில் குச்சி வைத்திருக்கும் அந்தச் சின்ன உருவத்தையும் பக்கத்தில் இருந்த வைத்தியரையும் பார்த்திருப்பான். திரும்பி, வந்த வழியே போனான்.

அவள் இடது பக்கம் போய் நின்றாள். எதிரே சேறு பிளந்து ஒரு தவளை எழுந்தது, அவள் இடுப்பு உயரத்துக்கு. குச்சியால் அடித்தாள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அடித்தாள். தவளை திருப்பி அடித்தது, பச்சை வெளிச்சம் விழுந்தது. மறுபடி அடித்தாள்.